வீட்டு முற்றத்தில் மழை: சிறுவர்க்கு நீர்ச் சுழற்சியைக் காட்டும் எளிய செய்முறை

நீர்ச் சுழற்சி என்னும் பாடம் நம் பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களில் ஒரு படமாக வருகிறது. இடப்புறம் கடல், அதிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் அம்புகள், மேலே மேகம், வலப்புறம் மலையும் அதன்மேல் பெய்யும் மழையும், மலையடியிலிருந்து கடலுக்குத் திரும்பும் ஆறு. பிள்ளைகள் இப்படத்தைப் பிழையின்றி வரைந்து மதிப்பெண் பெறுகின்றனர். ஆயினும், கொடியில் உலர்த்திய வேட்டியின் ஈரம் எங்கே போயிற்று என்று அதே பிள்ளையைக் கேட்டால், "வெயில் குடித்துவிட்டது" என்றே விடை வருகிறது. படத்தில் உள்ளது வேறு, வேட்டியில் நடப்பது வேறு என்று அப்பிள்ளை எண்ணிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றே என்று காட்டுவதற்கு ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. ஒரு பேசின், ஒரு கிண்ணம், ஒரு பிடி உப்பு, ஒரு பகல் வெயில் ஆகியவை போதும்.

இச்செய்முறை புதியதன்று, பல நாட்டுப் பாடநூல்களிலும் உள்ளதே. ஆனால் அவை பெரும்பாலும் கிண்ணத்தில் விழும் துளியைக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. நெசவாளரும் உழவருமாகிய நம் அங்கத்தினர்களுக்குக் கிண்ணத்தில் விழுவதைக் காட்டிலும் பேசினில் எஞ்சி நிற்பதே முக்கியமானது என்பது என் கருத்து. காரணத்தைப் பின்னர்க் கூறுவேன். முதலில் செய்யும் முறையைக் காண்போம்.

அகன்ற வாயும் ஏறக்குறைய ஒரு சாண் உயரமும் உள்ள பிளாஸ்டிக் அல்லது எவர்சில்வர் பேசின் ஒன்றை எடுத்துக்கொள்க. கரிய நிறமுடையது கிடைத்தால் நலம். கருமை வெயிலை மிகுதியாக வாங்கிக்கொள்ளும். மண்சட்டி வேண்டா. அதன் சுவர் வழியே நீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகிவிடும். மண்பானைத் தண்ணீர் கோடையில் குளிர்ந்திருப்பதற்கும் அதுவே காரணம். ஆவியாகும் நீர் பானையின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு செல்கிறது. இதனை வேறொரு நாள் தனியே சொல்லிக்கொடுக்கலாம்.

பேசினில் இரண்டு விரற்கடை உயரத்திற்குக் குடிநீர் ஊற்றி, ஒரு பிடி உப்பைப் பிள்ளையின் கையாலேயே இட்டுக் கரைக்கச் செய்க. கரைந்தபின் ஒரு துளியை நாவில் வைத்துப் பார்க்கட்டும். நடுவில் ஒரு சிறு கிண்ணத்தை வைக்கவும். கிண்ணத்தின் விளிம்பு நீர்மட்டத்திற்கு மேலும், பேசினின் விளிம்பிற்குக் கீழும் இருத்தல் வேண்டும். வெறுங்கிண்ணம் மிதக்கும், ஆகையால் கழுவிய கூழாங்கல் ஒன்றை அதனுள் இடுக. பின்னர்ப் பேசினின் வாயை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் மூட வேண்டும். இதற்கென ஒன்றும் வாங்க வேண்டுவதில்லை. புதுச் சேலையை இட்டு விற்கும் கண்ணாடி போன்ற உறையைப் பிரித்தால் போதும். தறியடியில் கிடக்கும் கழிவு நூலால் அதைப் பேசினின் கழுத்தில் இறுகக் கட்டிவிடலாம். கிண்ணத்திற்கு நேர் மேலே தாளின் மீது ஒரு சிறு கல்லை வைத்தால், தாள் அவ்விடத்தில் குழிந்து நிற்கும். குழிந்த தாள் கிண்ணத்தைத் தொடலாகாது.

இதனைக் காலை ஒன்பது மணி முதல் மாலை மூன்று மணி வரை வெயிலில் வைக்கவும். இதே போன்று மற்றொரு பேசினை ஆயத்தம் செய்து நிழலில் வைத்தால், வெயிலின் வேலை இன்னதென்று பிள்ளை தானே கண்டுகொள்ளும். மூன்றாவதாக ஒன்றில் உப்பிற்குப் பதிலாக, வெள்ளைத் துணிக்கு இடும் நீலத்தைக் கலக்கலாம். நீலம் கலந்ததைக் கண்ணால் பார்க்க மட்டுமே வேண்டும், நாவில் வைக்கலாகாது. ஐப்பசி, கார்த்திகையில் இம்முயற்சி பயன் தராது. தை பிறந்தபின் எந்த மாதமும் ஏற்றதே.

அரை மணி நேரத்திற்குள் தாளின் உட்புறம் மங்கத் தொடங்கும். பின்னர் அம்மங்கல் முத்து முத்தாகத் திரளும். முத்துக்கள் ஒன்றோடொன்று கூடிக் கனத்து, குழிந்த இடத்தை நோக்கி வழிந்து, கிண்ணத்தில் சொட்டும். மாலைக்குள் சில கரண்டி நீர் சேர்ந்திருக்கும். அளவு குறைவென்று வருந்த வேண்டுவதில்லை. அந்நீரைப் பிள்ளை சுவைத்துப் பார்க்கட்டும், உப்புக் கரிக்காது. நீலப் பேசினின் கிண்ணத்திலும் நிறமற்ற நீரே இருக்கும்.

இப்போது சில விளக்கங்கள். நீராவி கண்ணுக்குத் தெரியாது. இட்லிப் பானையைத் திறந்தவுடன் எழும் வெண்புகையை நாம் ஆவி என்று வழங்குகிறோம். உண்மையில் அது குளிர்ந்து மீண்டும் நீராகிவிட்ட நுண்துளிகளின் கூட்டம். மேகமும் அத்தகையதே. கண்ணுக்குத் தெரியாத ஆவி காற்றில் இருக்கிறது என்பதை நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு எளிதில் உணர்த்தலாம். வறண்ட காற்று வீசும் நாளில் பாவு நூல் அடிக்கடி அறுவதையும், காற்றில் ஈரம் உள்ள நாளில் அதே நூல் வலுவோடு ஓடுவதையும் அது நாள்தோறும் பார்க்கிறது. குழித்தறியின் குழி அமர்ந்து மிதிப்பதற்கு மட்டும் உரியதன்று. அதன் ஈரமும் நூலைக் காக்கிறது. அதே குழியில் கார்த்திகை மாதத்தில் நீர் ஊறித் தறியை நிறுத்திவிடுவதும் உண்டு. நீர்ச் சுழற்சியின் இரு முனைகளும் அவ்வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

பேசினின் தாளை வானத்திற்கு ஒப்பிடும்போது ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வானத்திற்கு மூடி கிடையாது. ஈரக்காற்று மேலே எழும்போது விரிகிறது, விரியும்போது குளிர்கிறது, குளிர்ந்த ஆவி தூசியின் மீதும் கடலுப்பின் நுண்துகள்களின் மீதும் படிந்து துளியாகிறது. மேகத்துளிகள் ஏறத்தாழ பத்து லட்சம் கூடினால் ஒரு மழைத்துளி. ஆவியாக எழுந்த நீர் சராசரியாக ஒன்பது நாட்களே காற்றில் தங்குகிறது என்று கணக்கிட்டிருக்கின்றனர். கடலுக்கும் மேகத்திற்கும் உள்ள இக்கொடுக்கல் வாங்கலை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடலிலிருந்து கரைக்கு இறங்கும் பண்டங்களையும் கரையிலிருந்து கடலுக்கு ஏறும் பண்டங்களையும் பட்டினப்பாலை இந்நீரின் போக்குவரவுக்கே உவமித்துப் பேசுகிறது.

சுழற்சி என்னும் சொல் ஒரு மயக்கத்தையும் தரக்கூடும். நம்மிடமிருந்து சென்ற நீர் நம்மிடமே திரும்பும் என்று பிள்ளை எண்ணிவிடும். உலகத்து நீரின் மொத்தக் கணக்கு மாறுவதில்லை என்பது மெய். எந்த ஊரின் பற்றில் எப்போது வரவு வைக்கப்படும் என்பது வேறு செய்தி. சென்னையில் ஓராண்டிற்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே கொட்டித் தீர்கிறது. அம்மழை பொய்த்தால் அடுத்த கோடையில் என்னாகும் என்பதை 2019-ஆம் ஆண்டில் கண்டோம். அவ்வாண்டு ஜூலை 12 அன்று, ஐம்பது பெட்டிகளில் 25 லட்சம் லிட்டர் நீரை ஏற்றிக்கொண்டு சோலையார்பேட்டையிலிருந்து முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. வில்லிவாக்கம் எங்கள் மண்ணூர்பேட்டைக்கு அடுத்த பகுதியே. அதே வட்டாரத்தில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில், அம்பத்தூர்த் தொழிற்பேட்டை நாட்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடந்தது. பிள்ளைகள் இவ்விரண்டையும் மறக்கவில்லை, "தண்ணீர் சுழன்று வருமென்றால் ரயிலில் ஏன் வந்தது?" என்று அவர்கள் கேட்டால், மேலே சொன்ன விடையைக் கொடுக்கலாம்.

நிற்க. பேசினுக்கு வருவோம். சங்கத்துக் கணக்கை ஆய்வு செய்பவன் வரவையும் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு, கிடங்கைத் திறந்து இருப்பைப் பாராமல் வந்துவிட்டால், அந்த ஆய்வினால் பயனில்லை. கிண்ணத்தில் விழுந்த துளி வரவு. பேசினில் உள்ளது இருப்பு. இதைப் பார்த்தோர் சிலரே.

பள்ளிப்பட்டு வட்டத்திலுள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் வாயிலில், விடுமுறை நாளன்று இச்செய்முறையைச் சிறுவர்க்குக் காட்ட நேர்ந்தது. நீலப் பேசினைத் திறந்தபோது ஒரு சிறுமி, "சார், கிண்ணத்துத் தண்ணீர் வெள்ளையாக இருக்கிறதே, நீலம் ஏன் கூட வரவில்லை?" என்று கேட்டாள். நான் விடை கூறத் தொடங்குமுன், நூல் வாங்க வந்திருந்த முதிய நெசவாளர் ஒருவர் திண்ணையிலிருந்தே சொன்னார்: "பாவுக்குக் கஞ்சி போட்டுக் காய வைக்கிறோமே, அம்மா. காய்ந்ததும் கஞ்சியா போகிறது? தண்ணீர்தானே போகிறது. கஞ்சி நூலிலேயே நிற்கிறதல்லவா? அப்படித்தான் இதுவும்." நான் கால் மணி நேரம் சொல்லியும் விளங்காதது, அச்சிறுமிக்கு அந்நொடியில் விளங்கிவிட்டது. கஞ்சி போட்டபின் விறைத்து நிற்கும் பாவைத் தொட்டுப் பாராத நெசவாளர் வீட்டுப் பிள்ளை எது?

வெயில் எடுத்துச் செல்வது நீரை மட்டுமே. கரைந்த உப்பும் சாயமும் இருந்த இடத்திலேயே இருந்துவிடுகின்றன. (மண்ணெண்ணெய், சாராயம் போன்றவை தாமும் ஆவியாகும், ஆகவே கண்ட அழுக்கு நீரையெல்லாம் இம்முறையால் குடிநீராக்கிவிடலாம் என்று யாரும் கருதற்க.) கடல் ஏன் உப்பாக இருக்கிறது என்னும் பழைய கேள்விக்கும் பேசினே விடை. ஆறுகள் பாறையையும் மண்ணையும் கரைத்துச் சிறிது சிறிதாக உப்பைக் கொண்டு சேர்க்கின்றன. மேகம் நீரை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்கிறது. எண்ணற்ற ஆண்டுகள் இது நடந்ததன் இருப்புக் கணக்கே இன்று ஒரு லிட்டர் கடல்நீரில் உள்ள சுமார் 35 கிராம் உப்பு. மரக்காணத்திலும் வேதாரணியத்திலும் தூத்துக்குடியிலும் உள்ள உப்பளங்கள் கிண்ணம் இல்லாத பேசின்களே. மீஞ்சூரில் 2010-ஆம் ஆண்டிலும் நெம்மேலியில் 2013-ஆம் ஆண்டிலும் தொடங்கிய கடல்நீர் நிலையங்களில் ஆவியாக்குவதில்லை. சவ்வின் வழியே நீரை அழுத்திப் பிரிக்கின்றனர். அங்கும் உப்பு மறைந்துவிடுவதில்லை. செறிந்த உப்புநீராகக் கடலுக்கே திரும்புகிறது.

இனி நம் தொழிலுக்கு வருவோம். பருத்தி நூலில் சாயம் நன்கு ஏறுவதற்குச் சாயத் தொட்டியில் உப்பு இடுகிறோம். அழுத்தமான நிறங்களுக்கு லிட்டருக்கு 50 கிராமும் அதற்கு மேலும் இடுவதுண்டு. அஃதாவது, அத்தொட்டி கடலைவிட உப்பானது. நூல் சாயத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. உப்பில் ஏறக்குறைய முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. இந்நீரைத் தரையில் விட்டால் நான்கு நாளில் காய்ந்துவிடுகிறது, ஆகவே தீர்ந்துவிட்டது என்று எண்ணுவோர் இன்னும் உள்ளனர். காய்ந்தது எது, நின்றது எது என்பதைப் பேசின் சொல்லும்.

இது பேரளவில் நடந்த இடம் நொய்யல் ஆறு. வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் சேரும் இவ்வாற்றின் குறுக்கே, சென்னிமலைக்கு அருகில் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்திற்கென ஓர் அணை கட்டி 1992-இல் திறந்தனர். மேலே திருப்பூரின் சாயப் பட்டறைகள் விட்ட நீர் அங்கே தேங்கியது. வெயில் நீரை எடுத்துக்கொண்டது, உப்பு தங்கியது, சுற்றிலும் கிணறுகளில் இறங்கியது. பயிருக்கென்று கட்டிய அணையின் நீரைப் பயிருக்கு விடாதீர்கள் என்று உழவரே முறையிடும் நிலை வந்தது. வழக்குகள் பல ஆண்டுகள் நடந்தபின், 2011 ஜனவரியில், ஒரு துளிக் கழிவும் வெளியேறா நிலை எய்தும்வரை திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர் அமைந்த சுத்திகரிப்பு நிலையங்கள் என்ன செய்கின்றன? சவ்வின் வழியே நீரைப் பிரித்தெடுத்து, எஞ்சிய செறிந்த உப்புநீரைப் பெரிய கொப்பரைகளில் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்து நீராக மீட்கின்றன. நம் பேசினும் கிண்ணமுமே அவை; வெயிலுக்கு மாறாக விறகும் மின்சாரமும் செலவாகின்றன. அங்கும் இறுதியில் எஞ்சும் கலப்பு உப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது பெருஞ்சிக்கலே. சென்னிமலை கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதை நினைவிற் கொண்டால், இது நெசவுக்கும் உழவுக்கும் இடையே நடந்த வழக்கு என்று மட்டும் கூறிவிட முடியாது. ஒரே குடும்பத்தில் ஒருவர் தறியிலும் ஒருவர் வயலிலும் இருக்கின்றனர்.

உழவர் வீட்டுப் பிள்ளைக்கு வயலையே பேசினாகக் காட்டலாம். ஆழ்துளைக் கிணற்று நீரில் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு இருப்பதாகக் கொள்வோம். இது நம் மாவட்டங்களில் அரிதன்று. ஒரு போக நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் உயரத்திற்கு இந்நீரைப் பாய்ச்சினால், ஒரு சதுர மீட்டரில் 1,200 லிட்டர் நீர், 1,200 கிராம் உப்பு. ஏக்கருக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 4,800 கிலோ. உரமூட்டையைத் தூக்கிச் செல்லும்போது அதன் கனம் நமக்குத் தெரிகிறது. நீரோடு வரும் இக்கனம் தெரிவதில்லை. இவ்வளவும் மேல்மண்ணிலேயே நின்றுவிடுவதில்லை. ஒரு பகுதி வடிகாலில் செல்கிறது. ஒரு பகுதி ஆழத்தில் இறங்குகிறது. பருவமழை நன்கு பெய்தால் பெரும்பகுதியைக் கழுவிவிடுகிறது. மழை குறைந்து, வடிகாலும் தூர்ந்துபோன நிலத்தில் வெண்மை பூத்துக் களராவது இக்காரணத்தாலேயே. வடிகால் வெட்டுவதை வீண் செலவு என்று கூட்டங்களில் வாதிடும் அங்கத்தினர்கள் இக்கணக்கைத் தம் பிள்ளைகளிடம் கேட்டறியலாம்.

பள்ளிப்பட்டு வழியே வரும் கொசஸ்தலை ஆற்றின் நீர், 1944-இல் கட்டி முடிக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்தில் தங்கி, அங்கிருந்து கால்வாயில் சோழவரம், புழல் ஏரிகளுக்கு வந்து, சென்னை நகரின் குழாய்களில் இறங்குகிறது. மேலே தறி நெய்பவர் வாய்க்காலில் ஊற்றும் எதுவும் இவ்வழியில் கீழே வரக்கூடும். நகரத்தார் தாம் குற்றமற்றவர் என்று கூறிக்கொள்ளவும் இடமில்லை. மண்ணூர்பேட்டைக்கு அருகிலுள்ள கொரட்டூர் ஏரியில் வீட்டுக் கழிவுநீரும் தொழிற்பேட்டைக் கழிவுநீரும் கலப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற வழக்காகும். ஆண்டுதோறும் மழை அவ்வேரிக்குத் தூய நீரையே கொண்டுவந்து சேர்க்கிறது. கோடை வெயிலும் தூய நீரையே எடுத்துச் செல்கிறது. இடையில் நாம் இட்டது மட்டும் ஏரியிலேயே குவிகிறது. ஊர்களின் சிற்றேரிகள் தூய்மையாய் இருந்திருப்பின், 2019-இல் ரயிலை எதிர்நோக்கிய மக்களுக்குச் சிறு துணையேனும் அவை ஆகியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

செய்முறையின் பிற்பகுதியையும் கூறிவிடுகிறேன். மாலையில் தாளை அவிழ்த்தபின் பேசினைக் கவிழ்த்துவிடாமல் மாடியில் திறந்தபடியே நான்கைந்து நாள் விட்டுவைத்தால், நீர் முழுதும் வற்றி உப்பு படிந்து நிற்கும். முதலில் உப்பைச் சங்கத்தில் நூல் நிறுக்கும் தராசில் நிறுத்து இட்டிருந்தால், இப்போது சுரண்டி மறுபடி நிறுக்கச் சொல்லலாம். ஓரிரு கிராம் ஏறவோ இறங்கவோ செய்யும். ஓட்டியது சிறிது, காற்றின் ஈரம் சிறிது. இட்டது இட்டபடி இருப்பதைத் தராசு காட்டிவிடும்.

இதனினும் எளியது ஒன்றுண்டு. பிள்ளைகள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக் கிணற்று நீரில் ஒரே அளவு டம்ளர் கொண்டுவந்து, ஒரே மாதிரியான எவர்சில்வர் தட்டுகளில் ஊற்றி, வெயிலில் வற்றவிடட்டும். உப்பு எதுவும் கலக்க வேண்டா. நீர் வற்றியபின் ஒவ்வொரு தட்டிலும் ஒரு வெண்படலம் நிற்கும். வெண்படலமெல்லாம் தீங்கென்று அஞ்ச வேண்டுவதில்லை. பாறையிலிருந்து கரைந்துவரும் சுண்ணமும் அதில் உண்டு. தட்டுகளைச் சங்கத் திண்ணையில் வரிசையாக வைத்து, வீட்டுப் பெயரெழுதி ஒப்பிட்டுப் பார்க்கச் செய்க. மிக வெளுத்த தட்டு எந்தக் கிணற்றினுடையது, அக்கிணற்றுக்கு மேட்டுப்புறத்தில் என்ன இருக்கிறது என்பதை அவர்களே நடந்து சென்று பார்த்துவரட்டும். சித்திரையில் ஒரு முறையும், மழை ஓய்ந்தபின் தையில் ஒரு முறையும் இதனைச் செய்து, இரண்டையும் ஒரே குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும்.